சூரியனில் எழும் புயல்



காவிரியின் இக்கரையில் எங்கள் பள்ளிபாளையம், அக்கரையில் ஈரோடு. விசைத்தறியின் ஓசையோடு விடிந்து, அவ்வோசையோடே உறங்கும் ஊர் எங்களுடையது. அந்த ஓசை ஓடிக்கொண்டிருக்கும்வரை எங்கள் காதில் விழுவதில்லை. நின்றால்தான் திடுக்கிட்டு எழுவோம். மின்சாரம் நின்றுவிட்டதென்றால் எங்கள் நெசவாளர் முதலில் பார்ப்பது பியூஸ் கட்டையை. அடுத்தபடியாகத் தெருக்கோடி டிரான்ஸ்பார்மரை. வானத்தை அண்ணாந்து பார்ப்பார் ஒருவருமில்லை.

ஒருமுறை என் பெரியப்பாவின் தறிக்கூடத்தில் உட்கார்ந்து, சூரியனில் எழுந்த புயலால் கனடா நாட்டின் ஒரு மாகாணமே இருளில் மூழ்கிய கதையைச் சொன்னேன். அவர் பாவு நூலிலிருந்து கையை எடுக்காமலே, “அப்படின்னா, கண்ணு, நம்ம தறியையும் சூரியன் நிறுத்திப் போடுமா?” என்று கேட்டார். அவருக்கு அன்று நான் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சூரியன் நம் பூமியைப் போன்ற திடப்பொருளன்று. கொதிக்கும் வாயுக் கோளம். அதன் முகத்தில் சில காலங்களில் கரும்புள்ளிகள் தோன்றும். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை அவை மிகுந்தும் குறைந்தும் வருகின்றன. ஒவ்வொரு புள்ளியும் வலிய காந்த சக்தி குவிந்து கிடக்கும் இடம். நூலுக்கு முறுக்கு அளவோடு இருந்தால் உறுதி. மேலும் மேலும் ஏற்றினால் அது சுருண்டு பின்னிக்கொண்டு, இறுதியில் அறுந்துவிடுகிறது அல்லவா? சூரியனின் காந்தப் புலமும் அவ்வாறே முறுக்கேறிச் சட்டென்று அறுந்து, வேறு விதமாக இணைகிறது. அப்போது வெளிப்படும் சக்தியே சூரிய வெடிப்பு.

அதிலிருந்து இரண்டு தூதர்கள் பூமியை நோக்கி வருகிறார்கள். முதல் தூதர் ஒளியும் எக்ஸ் கதிரும். இவை சுமார் 8 நிமிடத்தில் வந்து சேர்ந்து, வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வான மண்டலத்தைக் கலக்கிவிடுகின்றன. பகல் பக்கத்திலே சிற்றலை ஒலிபரப்பு மங்குகிறது. இரண்டாவது தூதர், காந்தப் புலத்தைச் சுமந்து வரும் வாயுப் பிழம்பு. பல கோடி டன் எடையுள்ள அது வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களாகும். அதன் காந்தப் புலம் தெற்கு நோக்கி அமைந்திருந்தால் பூமியின் காந்தக் கவசத்தோடு எளிதில் பிணைந்து, காந்தப் புயலை மூட்டிவிடுகிறது.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் காரிங்டன் என்னும் வானியலார் இத்தகைய வெடிப்பொன்றைக் கண்ணாரக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரத்திற்குள் புயல் பூமியைத் தாக்கியது. அமெரிக்காவில் சில தந்திக் கம்பிகள், பாட்டரியின் இணைப்பை நீக்கிய பிறகும் செய்திகளைச் சுமந்து சென்றன. அந்தப் புயலை அளந்து வைத்த சிறப்பு நம் நாட்டுக்கு உண்டு. பம்பாய்க் கொலாபா ஆராய்ச்சிக் கூடத்தில் எழுதி வைத்த அளவைகளின்படி, பூமியின் காந்தப் புலம் அன்று சுமார் 1,600 நானோ டெஸ்லா வீழ்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து விஞ்ஞானிகள் அந்தப் பதிவை எடுத்துத்தான் புயலின் வலிமையைக் கணக்கிட்டார்கள்.

பெரியப்பாவிடம் நான் சொன்ன கனடா நிகழ்ச்சி 1989 மார்ச் 13ஆம் தேதி நடந்தது. பூமியின் காந்தப் புலம் அலைபாய்ந்தபோது, நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் புகுந்தது. கியூபெக் மாகாணத்தின் மின் அமைப்பு இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சுமார் 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

நமக்கும் அவ்வாறு நேருமா? கியூபெக் துருவத்தை அடுத்த நாடு. வானில் பாயும் புயல் மின்னோட்டம் அப்பகுதிகளில்தான் மிக வலிது. நாமோ காந்த நடுக்கோட்டை அடுத்து வாழ்கிறோம். ஆகவே நம் மின்கம்பிகளுக்கு அபாயம் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல பம்பாய்ப் பதிவு இடங்கொடுக்காது. அன்றியும், நம் வாழ்வு மின்கம்பியை மட்டும் நம்பியதன்று. விமானமும் கப்பலும் வழியறிவதும், புயல் எச்சரிக்கை பெறுவதும் செயற்கைக் கோள்களால்தான். காந்த நடுக்கோட்டுப் பகுதியின் மேல்வானமோ எளிதில் கலங்கும் இயல்புடையது. 2022 பிப்ரவரியில், அவ்வளவாகக் கடுமையில்லாத காந்தப் புயலொன்று மேற்காற்று மண்டலத்தைச் சூடேற்றி விரியச் செய்தது. அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 கோள்களில் ஏறக்குறைய 40 கோள்கள் அதில் சிக்கி வீழ்ந்தன. 2024 மே மாதம், இருபது ஆண்டுகளில் காணாத பெரும்புயல் வந்தபோது, லடாக்கின் ஹான்லே வானில் செவ்வொளி படர்ந்ததைக் காமிராக்கள் பதிந்தன.

இந்த ஆராய்ச்சிக்கும் நம் ஜில்லாவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு பெரிது. சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்கை முன்னறியலாகுமோ என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அதன் பயனாகக் கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது. கரும்புள்ளியைக் கொண்டு மழையைக் கணிக்கும் ஆசை நிறைவேறவில்லை. ஆயினும் அங்கே நூறாண்டுக்கு மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இன்று உலக விஞ்ஞானிகளுக்குக் கருவூலமாக இருக்கின்றன. கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டதும் அங்கேதான்.

2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, அந்தப் பணியை விண்வெளிக்குக் கொண்டு சென்றது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி நம் செங்கோட்டையைச் சேர்ந்தவர். பூமியிலிருந்து சூரியத் திசையில் 15 லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் அக்கோள் நிலைபெற்றது. அங்கே பிழம்பு வந்து மோதினால், அது பூமியை எட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். அவ்வளவு அவகாசம் போதுமா என்பீர்கள். மின்சார நிலையத்தார் பளுவைக் குறைக்கவும், கோள்களை இயக்குவோர் நுண்கருவிகளை அணைத்து வைக்கவும் அது போதும்.

“சூரியன் நம் தறியை நிறுத்துவது அரிது, நிறுத்தினாலும், முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்” என்றேன் பெரியப்பாவிடம். “சொல்றதுக்கு ஆள் இருந்தாச் சரி” என்று அவர் தறியை ஓட்டினார்.

அந்த ஆட்கள் இனி உங்களிலிருந்துதான் வரவேண்டும். கொலாபாவில் 1859இல் முள்ளின் அசைவைக் குறித்து வைத்தவர்களுக்கு, அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் பிழையில்லாமல் குறித்தார்கள். உங்கள் கல்லூரிச் சோதனைச்சாலையில் ஓர் அளவை எழுதும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.