இருக்குவேள் பட்டமும் இடங்கழியார் பண்டாரமும்



குடமுழுக்குக் காணும் திருக்கோயிலின் முன்னே நிற்போர், கோயில் எடுத்த பெருமக்களை நினைந்து போற்றுதல் மரபு. அவ்வாறு போற்றத்தக்க குடிகளுள் ஒன்று கொடும்பாளூர் வேளிர் குடியாம். அக்குடித் தலைவர் வழிவழியாகப் புனைந்த பட்டம் 'இருக்குவேள்' என்பது. புறநானூற்றில் கபிலர் பாடிய இருங்கோவேளின் பெயரோடு இதனை இயைத்துக் காண்பர் ஆராய்ச்சியாளர்.

கோனாட்டின் தலைநகராகிய கொடும்பாளூர், இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்கு அண்மையில் உள்ளது. சோழநாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தமையால் சிலப்பதிகாரத்திலும் இவ்வூர் இடம்பெற்றது. பாண்டியர்க்கும் சோழர்க்கும் இடைப்பட்ட நாட்டை ஆண்ட இவ்வேளிர், பின்னர்ச் சோழரோடு மணவுறவு கொண்டு அவர்தம் படைத்துணையாயினர். சமராபிராமன் என்பான் அனுபமை என்னும் சோழர்குல நங்கையை மணந்தான். அவர்தம் மைந்தனே பூதி விக்கிரமகேசரி.

இவ்வேந்தன் மூன்று விமானங்கள் எடுப்பித்தான். ஒன்று தன் பெயரால். மற்றவை கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயரால். மல்லிகார்சுனர் என்னும் காளாமுகத் துறவியர்க்குப் பெரியதொரு மடம் அளித்து, தவத்தோர் ஐம்பதின்மர்க்கு அமுதூட்டப் பதினோரூர்களையும் வழங்கினான் என அவ்விடத்துக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அதுவே மூவர்கோயில்.

காலம் செல்லச் செல்லச் சோழப் பேரரசு ஓங்கிற்று. பூதி பராந்தகன் 'செம்பியன் இருக்குவேள்' எனப்பட்டான். வேளிர் பட்டத்தின் முன்னே சோழர் பெயர் வந்து நின்ற நிலை இது. சுந்தரசோழர் ஆட்சியின் 9ஆம் ஆண்டில் சிறியவேளார் ஈழப்போரில் வீழ்ந்தார். தனியரசு சிறிது சிறிதாகப் பேரரசினுள் கரைந்தது, பட்டமும் மறைந்தது. இன்று அப்பெயரைத் தாங்குவோர் ஒருவருமிலர்.

கோயிலேனும் முழுதும் நின்றதோ? மூன்று விமானங்களுள் இரண்டே எஞ்சின; மூன்றாவதற்கு அடித்தளமே சான்று. மடமும் இல்லை, ஊர்க்கொடையும் இல்லை. அங்ஙனமாயின் ஈந்ததெல்லாம் வீணோ எனும் ஐயம் எழும். அதற்கு விடை அக்குடியிலேயே உண்டு.

கொடும்பாளூரில் ஆண்டவர் இடங்கழி நாயனார். தில்லையம்பலத்தைப் பொன்வேய்ந்த ஆதித்தனின் குடிக்கு முன்னோராக அவரைச் சேக்கிழார் பெருமான் குறிப்பர். அடியார்க்கு அமுதளிக்கும் நியமம் பூண்ட ஒருவர், நெல் முட்டுப்பட்டமையால், அரசரது நெற்கொட்டாரத்துள் இரவில் புகுந்து முகந்தார். காவலர் பற்றிக்கொணர்ந்தனர். காரணம் வினவிய மன்னர், அடியாரமுது முட்டாதிருத்தற்பொருட்டே அவர் அது செய்தார் எனக் கேட்டு இரங்கினார். இத்தகையாரே தமக்கு உண்மைப் பண்டாரம் எனக் கொண்டார். நெல்லே அன்றி, நிதியனைத்தையும் சிவனடியார் கொள்ளையாக முகந்து செல்க எனப் பறையறைவித்தார்.

பகைவர்பாற் கொண்ட வெற்றிகளைக் கற்றறிந்தாரே அறிவர். நெற்கூடு திறந்த நாயனாரையோ அறுபத்துமூவர் வரிசையில் நாடே வணங்குகின்றது. ஐப்பசிக் கார்த்திகையில் அவர் குருபூசை ஆண்டுதோறும் நிகழ்கின்றது. வேள் என்னும் பட்டம் அரசியலோடு தோன்றி அரசியலோடு அழிந்தது. அடியார் என்னும் பெயரை அழிக்கவல்ல அரசியல் யாதுமில்லை.

ஆகவே, திருப்பணிக்கு ஈந்த செல்வர்காள்! கல்லிற் பொறித்த பெயரும் தேயும். கல்லும் ஒருநாட் சரியும். "எமது" என்னும் பற்றை நீக்கி ஈந்ததே எஞ்சும். குடமுழுக்கு நிறைந்த பின்னரும் மடைப்பள்ளி அடுப்பு அணையாமற் காப்பதே கொடும்பாளூர் கற்பிக்கும் பாடம்.

திருச்சிற்றம்பலம்.