மலை முதல் கடல் வரை தாமிரபரணி



கடைமடைக் குடியானவருக்கு ஆறு என்பது தம் வயலுக்கு வந்து சேரும் வாய்க்கால்தான். அதில் ஜலம் வந்தால் நல்ல வருஷம். வராவிட்டால் மேல்மடைக்காரர்பேரில் கோபம். ஆனால் அந்த ஜலம் எங்கே பிறந்து, எவ்விதமாக இவ்வளவு தூரம் வருகிறது என்பதை அறிந்தவருக்கே, குறை எந்த இடத்தில் என்பதும் விளங்கும்.

தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மலையின் சிகரங்கள் 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. திருநெல்வேலி நகரமோ கடல் மட்டத்திற்கு மேல் ஐம்பது மீட்டர் உயரங்கூட இல்லை. ஆகவே ஆறு தன் வீழ்ச்சியில் பெரும்பகுதியைப் பாபநாசத்துக்கு மேலேயே முடித்துக்கொள்கிறது. பாணதீர்த்தம், அகஸ்தியர் அருவி முதலியவை அதற்குச் சாட்சி. அங்கே ஆற்றின் வேலை பாறையை அரித்து, கல்லையும் மணலையும் கீழே உருட்டி வருவதேயாம்.

இம்மலைக்கு இரண்டு பருவக்காற்றுகளும் மழை கொடுக்கின்றன. ஜூன் முதல் தென்மேற்குக் காற்றினால் கார் விளைகிறது; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றினால் பிசானம் விளைகிறது. மழை நின்ற பிறகும் ஆற்றில் நீர் ஓடுவதற்குக் காரணம் காடு. மரங்களின் அடியில் மக்கிக் கிடக்கும் இலைச் சருகு மழையை உறிஞ்சிவைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. பாபநாசம் நீர்த்தேக்கத்தின் 143 அடியை நாம் தினந்தோறும் விசாரிக்கிறோம். அதற்கு மேலே அடிக்கணக்கில் அளக்க முடியாத இந்த ஏரி ஒன்று இருப்பதை யாரும் விசாரிப்பதில்லை!

சமவெளியில் இறங்கியதும் மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவற்றின் நீரையும் சேர்த்துக்கொண்டு ஆறு நிதானமாக நடக்கிறது. இங்கேதான் நம் முன்னோர் கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழு அணைக்கட்டுகளைக் கும்பினியார் வருவதற்கு முன்பே கட்டினார்கள். ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த கற்சுவர். நீர் சில அடி உயர்ந்து, இறைப்பின்றித் தானாகவே வாய்க்காலில் பாய்கிறது. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. இவ்வெட்டையும் நம்பிச் சுமார் 86,000 ஏக்கர் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்திற்குக் கீழே நிலம் தட்டை. வேகம் குறைந்த நீர் சுமையைச் சுமக்க மாட்டாது, வண்டலை இறக்கிவிடுகிறது. பாண்டியர் காலத்தில் கடற்றுறையாக இருந்த கொற்கை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே கிடப்பது இவ்வண்டலினால்தான். துறைமுகத்தையே மேடாக்கிய ஆறு, ஓர் அணைக்கட்டை மட்டும் விட்டுவைக்குமா? ஸ்ரீவைகுண்டம் அணையின் உட்புறம் மண்மேடிட்டு, முட்செடி மண்டியது. 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்பேரில் தூர் வாரத் தொடங்கினார்கள். தூர் நிறைந்த அணையில் வெள்ளம் தங்குவதில்லை. மேலே எத்தனை அடி நிறைந்திருந்தாலும் கடைமடைக்கு அது பயன்படாமல் கடலுக்குப் போய்விடும்.

மணல் அள்ளுதல் வேறு விஷயம். ஆற்று மணல் கோடையில் நீரைத் தன்னுள் ஒளித்துவைக்கும் பாத்திரம். அதை அள்ளிவிட்டால் கரையோரக் கிணறுகள் வற்றும். தூர் வாருவதாகப் பெயர் சொல்லி மணலை விற்பவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நன்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி ஜில்லாவில் ஓராண்டு முழுதும் பெய்வதைவிட இது அதிகம். மலையிலிருந்து வந்த வெள்ளமும், வயல்மேலேயே பெய்த மழையும் ஒன்றுகூடின, கரைகள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பிரயாணிகள் நீர் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். தட்டை நிலத்தில் வெள்ளம் வடிய ஓடைகளே வழி. அவ்வழியை அடைத்துக் கட்டிய சுவரும் வரப்பும் எவருடையவை என்பதை அந்தந்த ஊரார் அறிவர்.

ஆகையால் வருகிற கார் சாகுபடிக்கு மடை திறக்குமுன், ஒவ்வொரு கடைமடைக் கிராமத்திலிருந்தும் நாலைந்து பேர் தங்கள் வாய்க்கால் வழியே தலைமதகு வரை நடந்து போய் வாருங்கள். எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எங்கே கரை மெலிந்திருக்கிறது, எந்த மதகுப் பலகை உளுத்திருக்கிறது என்று இடம் குறித்து எழுதிக்கொள்ளுங்கள். மேல்மடைக்காரரையும் உடன் அழைத்துப் போனால் மிகவும் உத்தமம். அந்தக் குறிப்போடு நீர்வள இலாகாவுக்கு மனுக் கொடுங்கள்.