பொன் அலசிய கைகளும் மாலி ராஜ்ஜியமும்

(கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பாக ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எங்களைப் பார்த்து, "ஆப்பிரிக்கான்னாலே பஞ்சம்தானே மேடம், அங்க ராஜா ராணியெல்லாம் இருந்தாங்களா?" என்று கேட்டாங்க. எங்களுக்கும் சட்டென்று பதில் வரவில்லை. காலேஜில் நாங்கள் ஆப்பிரிக்காவைப் பற்றிப் படித்ததெல்லாம் வறுமை, நோய், கடன், அவ்வளவுதான். அதனால் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கிறோம். ராஜ்ஜியங்கள் நிறைய இருந்திருக்கின்றன. இன்றைக்கு மாலியைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே நைஜர் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அந்தப் பக்கம் 1235 வாக்கில் சுந்தியாத்தா என்பவர் எதிரி அரசனைத் தோற்கடித்து மாலியை உண்டாக்கினார். சின்ன வயதில் நடக்க முடியாத பிள்ளையாம். தாய் சோகோலோனை இன்னொருத்தி அவமானப்படுத்தியதைப் பார்த்துத்தான் எழுந்து நின்றாராம். அங்குள்ள பாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படிப் பாடுகிறார்கள். கதை பாதி, வரலாறு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலிக்குப் பலம் எங்கிருந்து வந்தது? தெற்கே தங்கம் கிடைத்தது, உப்பு இல்லை. வடக்கே பாலைவனத்தில் தகாசா என்ற ஊரில் உப்பைப் பாளம் பாளமாக வெட்டினார்கள். வெட்டியவர்கள் அடிமைகள். அங்கே வீட்டுச் சுவரே உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல். 1352-ல் அந்த வழியாகப் போன இப்னு பதூதா என்ற பயணி விலையைக்கூட எழுதி வைத்திருக்கிறார். பாலைவன ஓரத்தில் ஒரு ஒட்டகச் சுமை உப்பு 8 முதல் 10 மித்கால் தங்கம். (மித்கால் என்றால் ஏறக்குறைய நாலேகால் கிராம்.) அதே சுமை மாலி தலைநகரில் 20, 30, சில சமயம் 40. நடுவில் நின்று வரி வாங்கினார் அரசர். சந்தைக்குப் போகிற உங்களுக்கு இந்தக் கணக்கை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

மன்சா மூசா என்ற அரசர் 1324-ல் மெக்காவுக்குப் போகும் வழியில் எகிப்தின் கெய்ரோ நகரில் வாரி வாரிக் கொடுத்ததில், அங்கே தங்கத்தின் விலையே இறங்கிவிட்டது. 12 வருஷம் கழித்தும் பழைய விலைக்கு வரவில்லை என்று உமரி என்ற அறிஞர் எழுதினார். ஆனால் திரும்பி வரும்போது கையில் காசில்லாமல், கெய்ரோ வியாபாரிகளிடம் பெரிய வட்டிக்குக் கடன் வாங்கினார். ஊர் மெச்சச் செலவு செய்துவிட்டு வட்டிக்கு வாங்குவது அரசருக்கும் நடந்திருக்கிறது, பாருங்க!

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு செய்தி. தங்கம் எடுத்த ஊர்கள் அரசரின் நேர் அதிகாரத்தில் இல்லை. உள்ளே புகுந்து தங்கள் மதத்தைத் திணித்தால் அந்த ஊரில் தங்கம் வருவது குறைந்துவிடும், பக்கத்து ஊரில் கூடிவிடும். இதைப் பார்த்த அரசர்கள், கிடைக்கிற கப்பம் போதும் என்று அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டார்கள். இதையும் உமரிதான் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய ராஜா, மண் தோண்டுகிறவர்களிடம் இறங்கிப் போக வேண்டியிருந்தது.

அரண்மனையில் பெண்கள் நிலை எப்படி? மூசாவின் தம்பி சுலைமான் காலத்தில் பட்டத்து ராணி காசி. ஆட்சியில் அவருக்கும் பங்கு உண்டு, மேடையில் அரசர் பெயரோடு அவர் பெயரையும் சொல்வார்கள். சுலைமான் அவரைக் காவலில் வைத்து, பஞ்சு என்ற இன்னொரு மனைவியை ராணியாக்கினார். உறவுப் பெண்கள் புது ராணியை வாழ்த்த வந்தார்கள். கையில் சாம்பல் பூசிக்கொண்டார்கள். ஆனால் முழு மரியாதைக்கு அடையாளமாகத் தலையில் மண் தூவிக்கொள்வார்களே, அதை மட்டும் செய்யவில்லை. காசி வெளியே வந்ததும் அவருக்குச் செய்தார்கள்!

1360-ல் சுலைமான் இறந்ததும் வாரிசுச் சண்டை. பிறகு வந்த ஒரு அரசர் பரம்பரையாக வைத்திருந்த பெரிய தங்கக் கட்டியை எகிப்து வியாபாரிகளுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றார். 1430-களில் திம்புக்து நகரம் கைவிட்டுப் போனது. 1468-ல் அதை சோங்காய் என்ற புது ராஜ்ஜியம் பிடித்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியதால் தங்கத்தில் ஒரு பங்கு கடற்கரைப் பக்கம் திரும்பியது. வழிகள் கைமாறக் கைமாற மாலி சுருங்கிப்போனது. சோங்காயும் நிலைக்கவில்லை. 1591-ல் மொராக்கோவின் துப்பாக்கிப் படை அதை முறியடித்தது.

அதற்கு 200 வருஷம் கழித்து, 1790-களில் மங்கோ பார்க் என்ற வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் போனார். பேரரசர் யாரும் இல்லை. பெண்கள் சுரைக்குடுக்கையில் மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றிப் பொன் துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் மாலியிலும் பக்கத்து கினியா நாட்டிலும் அந்த வேலை நடக்கிறது.

கேள்வி கேட்ட அக்கா இன்றைக்கு வந்திருந்தால் முன்னால் வந்து உட்காருங்க. இன்னும் கேட்கணும்னா கேளுங்க.