கமா எங்கே வைப்பது?

கல்வி உதவி கேட்டு ஒரு மாணவி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்துக் கொடுத்தேன். ‘ஆஃப்டர் மை ஃபாதர் லெஃப்ட் தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட்’ என்றிருந்தது. வாப்பா கடையை விட்டுப் போனார் என்றே முதலில் படித்தேன். ‘லெஃப்ட்’டுக்குப் பின் ஒரு கமா வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது: வாப்பா வீட்டைவிட்டே போய்விட்டார், அதன்பின் கடையும் மூடப்பட்டது.

பிள்ளைகளே, ஆஃப்டர், வென், இஃப், பிகாஸ் என்று தொடங்கும் பகுதி வாக்கியத்தின் முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் கமா வையுங்கள். அதே பகுதி பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. ‘டுடே’ போன்ற ஒற்றைச் சொல்லுக்குக் கட்டாயமில்லை. மூச்சு விடும் இடத்தில் போடு என்று எங்கள் காலத்தில் சொல்லித்தந்தார்கள். ஆளுக்கொரு மூச்சு, அது சரிப்படாது.

அந்த மாணவி திருத்தி எழுதிவிட்டாள். உங்கள் விண்ணப்பங்களையும் அனுப்புமுன் கொண்டுவந்து காட்டுங்கள்.