ஜனாதிபதி ஐயா, மந்திரம் வேண்டாம், கணக்குச் சொல்லுங்கோ!

(கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீங்கள். நீட்டி முழக்க மாட்டேன். மூன்று விசயம்தான்: காணி, நெல், கணக்கு.

2024 செப்ரெம்பர் 23ஆம் திகதி அநுர குமார திசாநாயக்க இந்த நாட்டின் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அன்றைக்கே அவர் சொன்னார், தான் ஒரு மந்திரவாதி இல்லை, சாதாரண பிரஜை என்று. நல்ல பேச்சு. நாங்களும் மந்திரம் கேட்கவில்லை. போட்ட வாக்குக்கும் கட்டின வரிக்கும் கணக்குத்தான் கேட்கிறம்.

ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு அவருக்குப் பெரிசாக வாக்குப் போடவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 3 அவருடைய தேசிய மக்கள் சக்திக்குப் போனது. தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் எடுத்தது அதுதான் முதல் தடவை. நாடு முழுக்க 225 ஆசனத்தில் 159 கிடைத்தது. பிறகு பாராளுமன்றத்தைத் தொடக்கி வைத்துப் பேசியபோது, இனவாத அரசியலுக்கு இனி இடமில்லை என்றார்.

எங்கட சனம் பழசை மறந்து வாக்குப் போடவில்லை. 2005இல் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறினது ஜே.வி.பி. அப்போது விவசாய அமைச்சராக இருந்து பதவியைத் துறந்தவர் இதே அநுரதான். 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்த தீர்ப்பு அந்தக் கட்சிக்காரர் போட்ட வழக்கில் வந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். கடனாகக் கொடுத்த நம்பிக்கை அது. கடன் கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை இருக்கு.

முதலாவது, காணி

2025 மார்ச் 28இல் ஒரு வர்த்தமானி வந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகப் பிரகடனம் செய்யலாம் என்பதுதான் அதன் பொருள்.

யோசியுங்கோ. பத்து முறை இடம்பெயர்ந்த சனம் நாங்கள். உறுதி சிலருக்கு எரிந்தது, சிலருக்குப் பங்கருக்குள் நனைந்தது. காணிச் சொந்தக்காரர் ஒருவர் தமிழ்நாட்டு முகாமில், இன்னொருவர் கனடாவில். சிலர் உயிரோடு இல்லை, பிள்ளைகளுக்கு மரணச் சான்றிதழும் இல்லை. இவர்களைப் பார்த்து மூன்று மாதத்துக்குள் வா என்றால் எப்படி வருவது? வர்த்தமானியை வாசிக்கிற கமக்காரன் எத்தனை பேர்?

எதிர்ப்புக் கிளம்பியது. வழக்குப் போனது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அந்த வர்த்தமானியை மீளப் பெற்றது. மீளப் பெற்றதை நாங்கள் வரவேற்கிறம். ஆனால் ஒரு கேள்வி நிற்குது: எங்களைக் கேட்காமல் அதைப் போட வைத்தது யார்? இனவாதத்துக்கு இடமில்லை என்று சொல்லி நாலு மாதத்தில் இப்படி ஒரு கடிதாசி எப்படி வெளியில் வந்தது? அந்தப் பதில் வந்தால்தான் நாளைக்கு இன்னொரு பேரில் இது வராது.

நல்லதையும் சொல்ல வேணும். 2025 ஏப்ரல் 10ஆம் திகதி வசாவிளான் - பலாலி வீதி 34 வருசத்துக்குப் பிறகு திறக்கப்பட்டது, கட்டுப்பாடுகளோடு. வீதி திறந்தது சந்தோசம். ஆனால் வீதியில் பயிர் வைக்க ஏலாது. 1990இல் விட்டுவிட்டு ஓடின செம்மண் தோட்டம் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தால், வீதியால் போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் முடியும்.

இரண்டாவது, நெல்லும் பசளையும்

2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே கையெழுத்தில் நிறுத்தினார். கமக்காரனைக் கேட்கவில்லை. கட்டம் கட்டமாகச் செய்யவும் இல்லை. அந்த நவம்பரிலேயே தடையை எடுத்தார்கள், ஆனால் காலபோகம் கெட்டுப்போனது. கிருமி இருக்கு என்று திருப்பி அனுப்பின சீனக் கப்பல் பசளைக்கும் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் கட்டினார்கள். எங்கட வயலுக்கு ஒரு பிடி பசளை வரவில்லை, காசு மட்டும் போனது.

அந்த அடி கிளிநொச்சிக்கு மட்டும் விழவில்லை. பொலன்னறுவையில், அநுராதபுரத்தில், அம்பாறையில் சிங்களக் கமக்காரனும் முஸ்லிம் கமக்காரனும் தெருவுக்கு வந்தார்கள். யூரியா இல்லாத நெற்பயிர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் மஞ்சளாச்சு. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயலும் வீட்டுக்காரரின் மொழி பார்த்து வெள்ளத்தை விடவில்லை. தேசிய ஒற்றுமைக்கு அத்திவாரம் இங்கேதான் கிடக்கு. மேடையில் கொடி பிடித்து அது வராது.

இப்போதைய அரசாங்கம் பசளை மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ஆக்கியது. ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 10,000. உதவிதான். ஆனால் விதைத்து, கடனுக்கு யூரியா வாங்கி எறிந்த பிறகு காசு வந்தால் அது கடைக்காரரின் வட்டிக்குத்தான் போகும்.

உத்தரவாத விலையும் அப்படித்தான். 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அறிவித்தார்கள்: நாடு கிலோ 120, சம்பா 125, கீரி சம்பா 132. அதற்குள் கிழக்கில் அறுவடை தொடங்கிவிட்டது. வெட்டுமெசின் காசு கொடுக்க வேணும், நகை அடைவில். ஆலைக்காரர் வாசலில் லொறியோடு நிற்கிறார், ஈரம் கூட என்கிறார், சொன்ன விலைக்குக் கொடுக்கிறம். சபை கேட்கிறது 14 வீத ஈரப்பதன். காயவைக்கத் தளம் எங்கே? வெட்டி முடிந்த பிறகு வருகிற விலை, மழை விட்ட பிறகு வருகிற குடை.

ஜனாதிபதிக்கு இது தெரியாததில்லை. தம்புத்தேகமவில், கமம் செய்கிற ஊரில் வளர்ந்தவர்.

மூன்றாவது, கணக்கு

2023 நவம்பர் 14இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாட்டை வங்குரோத்தாக்கியதில் கோட்டாபய, மகிந்த, பசில் உட்பட்டவர்கள் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கட்டச் சொன்னது. வயல் கருகின கமக்காரனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. ஆனாலும் அதிகாரத்தில் இருக்கிறவர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாளர், அதை மீறினால் பொறுப்புச் சொல்ல வேணும் என்று எழுதியாச்சு. அது அன்றைய ஜனாதிபதிக்கு மட்டுமான சட்டமில்லை.

எங்கட கையிலும் ஒரு ஆயுதம் இருக்கு, உறவுகளே. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கமநல சேவை நிலையத்தில், பிரதேச செயலகத்தில், யாருக்கு மானியம் போனது, எந்தக் குளத்துக்கு எவ்வளவு ஒதுக்கினது என்று நீங்கள் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க ஏலாது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கோ, தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேணும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். தராவிட்டால் மேன்முறையீடு இருக்கு, ஆணைக்குழு இருக்கு. இந்த மாதமே ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஒரு விண்ணப்பமாவது போக வேணும்.

எங்கட கோரிக்கைகள்:

1. மக்களைக் கேட்காமல், தமிழில் ஊர் ஊராக அறிவிக்காமல், எந்தச் சட்டத்தின் பேரிலும் காணி எடுக்காதே.
2. படையினரும் வன இலாகாவும் வைத்திருக்கிற எங்கட வயலையும் தோட்டத்தையும் உரியவரிடம் கொடு.
3. நெல் விலையை விதைப்புக்கு முன் அறிவி. அறுவடைக்கு முன் களஞ்சியத்தைத் திற, காசைக் கையில் கொடு.
4. பசளை மானியத்தை விதைக்க முன் கொடு. பட்டியலைக் கமநல நிலையச் சுவரில் தமிழில் ஒட்டு.
5. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. ஆளுநரைக் கொண்டு ஆளாமல் தேர்தலை நடத்து.

இந்த ஐந்திலும் பிரிவினை எங்கே இருக்கு? மூன்றாவதையும் நாலாவதையும் சிங்களத்தில் எழுதிப் பொலன்னறுவைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் கை தட்டுவார்கள். முதல் இரண்டையும் அவர்கள் எங்களுக்காகக் கேட்கிற நாளில் இந்த நாடு ஒன்றாகும். அதற்கு நாங்கள்தான் முதலில் போய்க் கதைக்க வேணும். எங்கட அமைப்பு கடிதம் எழுதத் தயார்.

ஜனாதிபதி மாறினார். கதிரையில் இருக்கிறவர் மாறினால் போதாது, கதிரைக்கு முன்னால் நிற்கிற எங்கட முதுகும் நிமிர வேணும்.

கச்சேரி வாசலில் சந்திப்போம். மண்வெட்டியோடு அல்ல, மனுவோடு வாருங்கோ. ஒருவரும் வீட்டில் நிற்க வேண்டாம்!

காணி எங்கட உரிமை!
விலை எங்கட வியர்வை!
கணக்குச் சொல், அரசே, கணக்குச் சொல்!