கடி நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதார விளக்க உரை)



1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் நெருக்கமாக வாழ்ந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். ஒரே பாய், ஒரே துவாய் என்று வாழ்ந்த இடத்தில் படர்தாமரை தொற்றுவது இயல்பு. இது உங்கள் குற்றமல்ல. வெட்கப்பட்டு மறைத்தால்தான் வீடு முழுவதும் பரவும்.

இது பூஞ்சணத்தால் வரும் தோல் நோய். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற வியர்க்கும் இடங்களில் கூடுதலாக வரும். வட்டமாகப் படரும், ஓரம் தடித்துச் சிவந்திருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும், நன்றாகக் கடிக்கும்.

குளோட்ரிமசோல் 1% பூச்சு மருந்தை நாளுக்கு 2 தடவை பூசுங்கள். முதலில் அந்த இடத்தைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். வட்டத்துக்கு வெளியேயும் 2 சென்ரிமீற்றர் வரை பூசுங்கள். சில நாட்களில் கடி குறையும். அப்போதுதான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். கடி நின்றாலும் பூஞ்சணம் தோலில் இருக்கும், திரும்பவும் படரும். தோல் தெளிந்த பிறகும் 2 கிழமை பூசுங்கள்.

பீட்டாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரீரொயிட் கிறீம்களை அயலவர் சொன்னார் என்று வாங்கிப் பூசாதீர்கள். கடி உடனே அடங்கும். ஆனால் நோய் உள்ளே வளர்ந்து அடையாளம் மாறிப் பரவும். மண்ணெண்ணெய் பூசினால் தோல் புண்ணாகும்.

மருந்து பூசுவது பாதி வேலைதான். துவாய், உள்ளாடை, சீப்பு ஆளுக்கொன்றாக இருக்கட்டும். உடுப்புகளையும் படுக்கை விரிப்புகளையும் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈர உடுப்புடன் இருக்காதீர்கள். வீட்டில் யாருக்கெல்லாம் கடி உண்டோ, எல்லோரும் ஒரே காலத்தில் மருந்து பூசுங்கள். பூனை, நாய், மாடு ஆகியவற்றில் மயிர் உதிர்ந்த வட்டங்கள் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

தலையிலோ நகத்திலோ வந்தால் பூச்சு மருந்து போதாது, குளிசை தேவைப்படும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், 2 கிழமை பூசியும் குறையாதவர்கள் வைத்தியரைக் காணுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கடியில்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைந்த வெளிறிய அல்லது சிவந்த தழும்பு இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், 6 அல்லது 12 மாத மருந்தில் முழுமையாக மாறும். பிந்தினால்தான் கைகால் ஊனமாகும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் தோலை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.