ரசாயனப் படிப்பு யாருக்கு?



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், ரசாயனப் படிப்பும் அதற்குக் காலேஜில் இடம் பெறும் வழியும் என்பதாகும். இதைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் பட்டதாரியல்ல. பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டோம். பிறகு கற்றதெல்லாம் சாயப்பட்டறையிலும், கிளை நூலகத்திலுமே ஆகும். ஆனாலும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கே வாசலின் அருமை தெரியும். அந்த ஒரு யோக்கியதையைக் கொண்டே பேச முன்வந்தோம்.

நாம் பத்தாவது தேறியவுடன் மேல்வகுப்பில் சயன்ஸ் பிரிவு கேட்டோம். அங்கிருந்த ஒரு பெரியவர் நம் மார்க்கைப் பார்க்கவில்லை. நம் தகப்பனாரின் சாயமேறிய கைகளைப் பார்த்தார். "சாயப்பட்டறைக் கூலி மகனுக்கு ரசாயனம் எதற்கப்பா?" என்றார். தோழர்களே! இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். சாயப்பட்டறையைவிட ரசாயனம் நிறைந்த இடம் ஊரில் வேறெது? நாள் முழுதும் அதிலே நின்று வேகிறவன் மகனுக்கு அது வேண்டாமாம்! அதன் வாடையே படாதவர் மகனுக்குத்தான் வேண்டுமாம்! இதற்குப் பெயர் புத்திமதியா, பித்தலாட்டமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பிறகு நாமும் பட்டறைக்கே போனோம். ஒரு சமயம் புதுக் கிணற்றுத் தண்ணீர் வந்தது முதல் துணியில் சாயம் ஒரே சீராக ஏறவில்லை. திட்டுத் திட்டாக நின்றது. முதலாளி கண்திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார். பூசணிக்காய் உடைந்தது, சாயம் மட்டும் ஏறவில்லை. பிறகு வெளியூரிலிருந்து ரசாயனம் படித்த ஒரு இளைஞரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு புட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, "இது கடினநீர், சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம், மென்னீராக்கி ஊற்றுங்கள்" என்றார். அப்படியே செய்தார்கள். மறுநாள் சாயம் ஏறிற்று. அன்றுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. உப்பு ஏன் போடுகிறோம், சோடா ஏன் போடுகிறோம் என்று தெரியாமல் போடுகிறவன் கூலி. உப்பு சாயத்தை நூலின் பக்கம் தள்ளுகிறது, சோடாவின் காரம் சாயத்தை நூலோடு பிணைக்கிறது என்று தெரிந்து போடுகிறவன் நிபுணன். இருவர் கையும் ஒரே கைதான். வித்தியாசம் படிப்பு ஒன்றுதான்.

ரசாயனம் என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று பயப்படவேண்டாம். தாய்மார்கள் ஆலத்தி கரைக்கிறார்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கிறது. இது தெய்வச் செயலா? சுண்ணாம்பின் காரம் மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். அதிலே எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகும். காலேஜின் சோதனைச் சாலையில், கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் நொடியைப் பிடித்து, அமிலம் எவ்வளவு காரம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்களே, அதற்கும் உங்கள் ஆலத்தித் தட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அதே சோதனைச் சாலையில், தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் வருகின்றன. எந்தத் தெருக் கிணற்றிலிருந்து எடுத்தாலும், யார் கையால் எடுத்தாலும் அதே கணக்குத்தான் வருகிறது. தீட்டு என்ற ஒரு பொருள் இதுவரை எந்தக் குழாயிலும் அகப்படவில்லை.

நிற்க, இந்தப் படிப்புக்கு உரியவர் யார் என்ற கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததல்ல. மேரி கியூரி அம்மையார் பிறந்த வார்சா நகரத்துச் சர்வகலாசாலையில் அக்காலத்தில் பெண்களுக்கு இடமில்லை. இரகசியமாக நடந்த வகுப்புகளில் படித்து, 1891இல் பாரிஸ் சென்று சேர்ந்தார். 1903இல் பௌதிகத்திற்கும், 1911இல் ரசாயனத்திற்கும் நோபல் பரிசு பெற்றார். மைக்கேல் பாரடே ஒரு கருமானின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். 1812இல் டேவி என்ற ரசாயன நிபுணரின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெழுதி, அதைத் தாமே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813இல் சோதனைச் சாலையில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1825இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். ஆனால் பாரடேக்கு ஒரு பெரிய மனிதரின் தயவு வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு யார் தயவும் வேண்டாம். ஒரு விண்ணப்பம் போதும். அந்த விண்ணப்பத்தைக் காலத்தில் போடாமல் இருப்பதே நாம் செய்யும் பெரிய தவறாகும்.

ஆகவே வழியைச் சொல்லுகிறோம், கவனியுங்கள்.

முதலாவது, வாசல் காலேஜில் இல்லை. பத்தாவது வகுப்பு முடிந்தவுடனே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ரசாயனம் உள்ள பிரிவை எடுக்காதவர் பின்னால் அழுது பயனில்லை. ரசாயனத்தோடு பௌதிகமும் கணக்கும் சேர்த்து எடுத்தால் மிக நல்லது. "உனக்கு இது வராது" என்று யாராவது சொன்னால், "மார்க்கைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தகப்பன்மார்கள் மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்கவேண்டும். நம் தகப்பனாருக்கு அன்று அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

இரண்டாவது, நம் தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் காலேஜுகளில் பி.எஸ்ஸி. ரசாயனத்திற்குத் தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் மொழிப் பாடங்கள் இரண்டையும் நீக்கி, மற்ற நான்கு பாடங்களில் வாங்கிய மார்க்கை 400க்குக் கணக்கிட்டே வரிசைப்படுத்துகிறார்கள். ஒரே இணைய விண்ணப்பத்தில் பல காலேஜுகளைக் குறிக்கலாம். பரீட்சை முடிவை ஒட்டி மே மாதத்தில் விண்ணப்பம் வாங்குவது வழக்கம். தமிழிலேயே ரசாயனம் சொல்லித்தரும் அரசுக் காலேஜுகளும் இருக்கின்றன.

இங்கே ஒரு சங்கதி. நம் தெருவில் ஒரு பெண் நல்ல மார்க்கு வாங்கினாள். விண்ணப்பம் போடு என்றோம். ஜோசியர் "கத்திரி கழியட்டும்" என்றார். கத்திரி கழிந்தது, கடைசித் தேதியும் கழிந்தது. அந்தப் பெண்ணின் ஒரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றபடியே போயிற்று. ஜோசியருக்கு என்ன நஷ்டம்?

மூன்றாவது, சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 1993ஆம் வருஷத்துச் சட்டப்படி பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1, ஆக நூற்றுக்கு 69 இடங்கள் உண்டு. சாதி ஒழியவேண்டும் என்கிற நாமே சாதிச் சான்றிதழ் வாங்கச் சொல்லுகிறோமே என்று சிலர் கேலி செய்வார்கள். மருந்துச் சீட்டில் நோயின் பெயரை எழுதுவது நோயை வளர்ப்பதற்கல்ல என்பதே நம் பதில். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. இவற்றைக் காலேஜில் விசாரித்துக் கேளுங்கள்.

நான்காவது, இன்னும் உயர்ந்த ஆராய்ச்சிப் படிப்பில் ஆசையுள்ளவர்களுக்கு ஐசர் என்னும் கழகங்கள் நாட்டில் ஏழு இருக்கின்றன. திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்குப் பக்கம். ஐந்து வருஷப் படிப்பு. அதற்கு நுழைவுப் பரீட்சை உண்டு. பௌதிகம், ரசாயனம், கணக்கு, உயிரியல் நான்கிலும் கேள்வி வரும். தப்பான விடைக்கு மார்க்கு கழியும். திருவாரூர் மத்திய சர்வகலாசாலை போன்றவைக்கு 2022இல் வந்த கியூட் என்ற பரீட்சை. இவற்றுக்கெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்குக் காத்திராமல், வருஷத் தொடக்கத்திலிருந்தே தேதியைக் கவனித்து வரவேண்டும்.

இவையெல்லாம் தவறிவிட்டாலும் தலைமுழுக வேண்டியதில்லை. உள்ளூர்க் காலேஜில் மூன்று வருஷம் ஊன்றிப் படித்து, ஜாம் என்ற பரீட்சை எழுதி, சென்னை ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்ஸி. ரசாயனம் சேரலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், இளமையில் ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்காமல், வேலூர் மருத்துவக் காலேஜிலும் இடம் கிடைக்காமல் போனவர். அவருக்குத்தான் 2009இல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு பங்காகக் கிடைத்தது. ஒரு பரீட்சை ஒரு நாளின் கணக்கே தவிர, ஒரு மனிதனின் கணக்கல்ல.

"டாக்டராகாமல், என்ஜினீயராகாமல், ரசாயனம் படித்து என்ன செய்வான்?" என்று கேட்கிறீர்கள். சாப்பிடும் மாத்திரை, அடிக்கும் பெயிண்டு, பதனிடும் தோல், குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் சோதிக்க ஆள் வேண்டாமா? காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகமும், சென்னையில் தோல் ஆராய்ச்சிக் கழகமும் 1948 முதல் யாருக்காக இருக்கின்றன? 2011இல் ஐகோர்ட்டு உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நொய்யலில் விழுந்த கழிவு நீரின் உப்பை எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வியாக நின்றது. அது வக்கீல் தீர்க்கும் கேள்வியல்ல. ரசாயனம் படித்தவன் தீர்க்கவேண்டிய கேள்வி. ஆற்றின் கரையில் இருக்கிறவன் பிள்ளை அதைப் படிக்காமல் யார் பிள்ளை படிப்பது?

ஆகவே தோழர்களே! இன்று இரவு வீட்டுக்குப் போனதும், பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், "உனக்கு எந்தப் பாடத்தில் ஆசை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் கேளுங்கள். நம்மை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நம்மோடு தீரட்டும்.